தோள்நாடாவின் வேர்: துடுப்புப் படகுப் பயணத்துக்குச் சுமைப்பை தேர்ந்தெடுத்த அனுபவம்

படகுப் பயணத்துக்கான சுமைப்பை எங்கே முதலில் பழுதாகும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் அடித்துணியைத் தொட்டுக் காட்டுவார்கள். நான் பார்த்த அளவில் அடித்துணி தேய்ந்து பயனற்றுப்போன பைகள் மிகக் குறைவு. தோள்நாடா பையின் உடலோடு சேரும் இடத்தில் தையல் விட்டு, அதோடு நல்ல துணியும் கிழிந்து, முழுப் பையும் மூலையில் போடப்பட்டதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே துடுப்பால் ஓட்டும் சிறு படகுகளான கயாக்கிலோ கனூவிலோ சில நாள் பயணம் போக விரும்பும் நண்பர்கள் எந்தப் பை வாங்கலாம் என்று கேட்கும்போது, துணியின் தடிமனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நாடாவின் வேரைப் பாருங்கள் என்கிறேன். நம் ஊரிலேயே அந்தப் பையைப் பழுதுபார்க்க முடியுமா என்பதை அடுத்ததாகப் பார்க்கச் சொல்கிறேன். இந்த இரண்டையும் காரணங்களோடு விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சுமைப்பை எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். தொண்டியிலிருந்து மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை நீளும் எங்கள் வடகடல் ஓரம், அதாவது பாக் விரிகுடாக் கரை, மிகவும் ஆழம் குறைந்தது. ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கடலடி ஏறத்தாழச் சமதளமாகக் கிடப்பதால், நீர் வற்றிய நேரத்தில் கரை சேர வந்தால் பனைமரங்கள் கண்ணெதிரே தெரியும்போதே படகு தரைதட்டிவிடும். அதன் பிறகு முழங்கால் நீரிலும் கணுக்கால் சேற்றிலுமாக எல்லாச் சாமான்களையும் சுமந்து நடந்தாக வேண்டும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை கிராமத்தருகே முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கும் நாள்களில், படகையும் பையையும் மணல்மேட்டின் மீது தூக்கிக்கொண்டுதான் மறுபக்க நீரில் இறங்க முடியும். காரங்காட்டின் அலையாத்திக் காட்டை ஒட்டிய ஓடைகளில் சேறு இன்னும் ஆழம். அங்கே வனத்துறையின் படகிலும் கயாக்கிலும் பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்குப் பையைப் பற்றிய கவலை கிடையாது. கூடாரம், குடிநீர், உணவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கரையோரமாக ஊர் ஊராகச் செல்கிறவர்களுக்கே இந்தச் சுமை வருகிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது. கூடாரம் அடிக்கும் எண்ணத்தோடு அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். வடகடலிலும் மரைன் போலீசுக்கும் இறங்கப்போகும் ஊரின் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, கரையை விட்டு விலகாமல், மாசி, பங்குனியின் அமைதியான நாள்களில் செல்வதே எங்கள் வழக்கம். ஆடி மாதக் கச்சான் காற்று இந்தக் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் காற்று. கரையருகே தண்ணீர் தட்டையாகத் தெரிவதை நம்பி அந்த மாதங்களில் துடுப்புப் படகை இறக்குவது உயிருக்கு ஆபத்து.

இனிப் பைக்கு வருகிறேன். ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குப் படகையும் சாமானையும் தரைவழியே சுமந்து செல்வதைக் கனடாவிலும் அமெரிக்காவின் வட எல்லையிலும் போர்ட்டேஜ் என்பார்கள். ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கும் அந்த நிலத்தில் இப்பாதைகளை வகுத்தவர்கள் அங்கிருந்த முதற்குடிகள். பின்னர் விலங்குத்தோல் வணிகத்தில் படகோட்டிகளாகவும் சுமைகாரர்களாகவும் உழைத்த வொயேஜர்கள், ஒவ்வொன்றும் 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ எடையுள்ள பொதிகளை இரண்டிரண்டாக முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். மினசோட்டாவில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ் பாதை மட்டுமே எட்டரை மைல் நீளம். அந்தப் பொதிகளைத் தாங்கியது தோள்நாடா அன்று. தலையின் முன்னுச்சியில் படியும் அகலமான தோல்பட்டை. 1882 இல் டுலூத் நகரத்தைச் சேர்ந்த கமில் பொரியே என்பவர், தலைப்பட்டையோடு தோள்நாடாக்களையும் சேர்த்து ஒரு கேன்வாஸ் பைக்குக் காப்புரிமை பெற்றார். டுலூத் பை என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் பைகளின் வடிவம் அங்கிருந்து தொடங்கியதுதான்.

அந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. மலையேறிகளின் பை உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். உள்ளே அலுமினியச் சட்டமும் இருக்கும். போர்ட்டேஜ் பை அகலமாகவும் குட்டையாகவும் சட்டமின்றியும் தைக்கப்படுகிறது. பை தலைக்கு மேலே எழும்பினால், கவிழ்த்துத் தோளில் ஏற்றிய கனூவின் அடிவயிற்றில் அது முட்டும். சட்டம் இருந்தால் படகுக்குள் தட்டையாகப் படுக்காது. டொரண்டோவில் இருக்கும் என் அண்ணனோடு அல்கோன்குவின் பூங்காவுக்குப் போனபோது இதை முழுமையாக உணர்ந்தேன். 1893 இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில் மஞ்சள் பலகையில் படகுச் சின்னத்தோடு ஒவ்வொரு போர்ட்டேஜின் நீளமும் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும். எங்களோடு வந்த ஒருவர் மலையேற்றப் பையோடு கனூவையும் தூக்கிக்கொண்டு நடந்தபோது, ஒவ்வொரு அடிக்கும் படகின் நுகத்தடி, அதாவது தோளில் படியும் குறுக்குக்கட்டை, பையின் தலைப்பகுதியில் இடித்தது; அவர் கழுத்தை முன்னால் வளைத்து, எதிரே உள்ள மரவேர்கூடத் தெரியாமல் நடந்தார். அண்ணனின் தட்டைப் பை அதே பாதையில் நுகத்தடிக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாதவர்கள் பாதிச் சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மீதியை எடுத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும். 700 மீட்டர் பாதை அவர்களுக்கு 2100 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே சிறிய பைகள் பலவற்றைவிட, ஒருவர் சுமக்கக்கூடிய எடைக்குள் அடங்கும் பெரிய பைகள் ஓரிரண்டு இருப்பது நல்லது என்று அங்கே அனுபவமுள்ளவர்கள் கருதுகிறார்கள். 100 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவுள்ள பைகள் அங்கே சாதாரணம்.

அந்தக் கணக்கை அப்படியே நம் கடலுக்குக் கொண்டுவரக் கூடாது. ஏரி நாட்டில் தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை. வடிகட்டியோ காய்ச்சியோ ஏரி நீரையே குடிக்கலாம். இங்கே சுற்றிலும் உப்புநீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று நாங்கள் கணக்கிடுகிறோம். மூன்று பேருக்கு இரண்டு நாளுக்கே 30 லிட்டர், அதாவது 30 கிலோ ஆகிவிடும். இந்த எடையை 100 லிட்டர் பையில் மற்றச் சாமான்களோடு சேர்த்துத் திணித்தால் எந்த நாடாவும் தாங்காது. சுமப்பவரின் முதுகும் தாங்காது. அதனால் எங்கள் கரைக்கு 60 லிட்டரிலிருந்து 70 லிட்டர் வரையுள்ள பையே போதும் என்பது என் முடிவு. தண்ணீரை 20 லிட்டர் கேனில் கொண்டுபோகாமல் 5 லிட்டர் கேன்களாகப் பிரித்து, பைக்கு ஒன்றோ இரண்டோ, முதுகை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். தண்ணீர் முதுகை விட்டு விலகி வெளிப்பக்கம் இருந்தால், சேற்றில் கால் புதையும்போது பை பின்னுக்கு இழுத்து ஆளைச் சாய்த்துவிடும்.

துணியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். உப்பும் வெயிலும் சேரும்போது என்ன ஆகும் என்பதையே நான் சொல்ல விரும்புகிறேன். பருத்திக் கேன்வாஸ் அருமையான துணி. கல்லில் உரசினால் மெல்லத் தேயுமே தவிரச் சட்டென்று கிழியாது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் பட்டாலும் உருகாது. எந்தத் தையல்காரரும் அதைத் தைத்துக் கொடுப்பார். ஏரி நீரில் நனைந்து காயும் கேன்வாஸ் பை தலைமுறைகள் கடந்தும் உழைக்கிறது. கடல்நீரில் நனைந்த கேன்வாஸில் உப்பு நூலுக்குள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பகல் வெயிலில் காய்ந்ததாகத் தோன்றும் பை இரவில் மீண்டும் நசநசக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே கரும்பூஞ்சை பிடிக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசினால் உப்புப் போய்விடும். ஆனால் குடிநீருக்காகத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நடக்கும் மாவட்டத்தில் வாழ்கிறவன் நான். ஒரு பையை அலசுவதற்கு அவ்வளவு நல்ல தண்ணீரைக் கொட்ட எனக்கு மனம் வராது. எங்கள் கரைக்குக் கேன்வாஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது கார்டுரா போன்ற தடித்த நைலான். 1000 டெனியர் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். 9000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் பெரிதாக இருந்தால் நூல் தடிமனானது என்று மட்டுமே பொருள். நெசவின் நெருக்கத்தைப் பற்றியோ உட்பூச்சின் தரத்தைப் பற்றியோ அந்த எண் ஒன்றும் சொல்லாது. உட்பூச்சுத்தான் எங்கள் ஊரில் முதலில் போகிறது. நைலானின் உட்புறத்தில் நீர் புகாமல் இருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன், ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் தானாகவே சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒருவிதப் புளித்த வாடை வரும், கடைசியில் படலம் படலமாக உரிந்து உடைகளில் ஒட்டும். பையைப் பயன்படுத்தாமல் அலமாரியில் மடித்து வைத்திருந்தாலும் இது நடக்கும். பழைய பையை வாங்குகிறவர்கள் உட்புறத்தில் கைவைத்துத் தேய்த்துப் பார்ப்பதோடு முகர்ந்தும் பார்க்க வேண்டும். வெயிலிலும் நைலான், பாலியெஸ்டரைவிட விரைவில் வலுவிழக்கும்.

என் கையில் நீடித்து உழைத்தது பாலியெஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசப்பட்ட துணி. லாரிப் படுதாவில் வரும் அதே வகைதான். கனமானது, விறைப்பானது, குளிர்நாட்டில் உறைபனியில் மடித்தால் வெடிக்கக்கூடியது. நமக்கு உறைபனிக் கவலை இல்லை. மடிப்புகளை வெப்பத்தால் ஒட்டிவிடுவதால் பையின் உடலில் ஊசித்துளையே இருக்காது. வாயை நான்கு முறை சுருட்டிப் பூட்டினால் தண்ணீர் உள்ளே போகாது. ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றினால் உப்பு வழிந்து ஓடிவிடும். இதே வேலையைக் குறைந்த எடையில் செய்யும் டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) பூச்சுத் துணிகளும் இப்போது வருகின்றன. நல்லவைதாம், விலை கூடுதல்.

பிவிசி துணிக்கு எங்கள் ஊரில் உள்ள எதிரி சீமைக் கருவேல முள். கரையேறியதும் பையை எங்கே இறக்கினாலும் உலர்ந்த கொப்பு ஒன்று அடியில் கிடக்கும். முள் குத்தினால் நெசவு கிழியாது. மயிரிழை போன்ற துளை மட்டும் விழும். வெளியே அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் போர்வை ஈரமாக இருக்கும்போதுதான் தெரியவரும். பயணம் முடிந்து வந்ததும் பையின் வாயைக் காற்றோடு சுருட்டிக் கட்டி, பஞ்சர் கடைக்காரர் டியூபை அமுக்குவது போலத் தொட்டி நீரில் ஒவ்வொரு பக்கமாக அமுக்கிப் பார்க்கிறேன். குமிழ் வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காய்ந்த பிறகு சொரசொரப்புத் தாளால் லேசாகத் தேய்த்து, காற்றடைக்கும் படகுகளுக்கு விற்கும் பிவிசி பசையால் விரல்நுனி அளவு ஒட்டுப் போட்டுவிட்டால் அந்த இடம் மறுபடி தொல்லை தராது. கருக்குமட்டை விஷயத்தில் மட்டும் ஒட்டு உதவாது. பனைமட்டையின் பற்கள் பையை நீளவாக்கில் அறுத்துவிடும் என்பதால், பனங்காட்டை ஒட்டித் தங்கும்போது பழைய சாக்கு ஒன்றை விரித்து அதன் மேல்தான் பையை வைக்கிறோம்.

இப்போது நாடாவின் வேர். எங்களோடு வரும் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த பை, தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சேற்றுக் கரையில் இறங்கும்போது வலதுபக்க மேல்நாடாவில் பிய்ந்தது. சுமை 20 கிலோகூட இருக்காது. ராமநாதபுரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் பையைத் திருப்பிப் போட்டு, கிழிந்த இடத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் விரித்து வெகுநேரம் பார்த்தார். "தம்பி, துணி நல்லாத்தான் இருக்கு. நாடாவை மடிப்புக்குள்ள ஒரு வரி தையல்ல சொருகி விட்டிருக்கான். தையலும் ரொம்ப நெருக்கம். பாரம் மொத்தமும் அந்த ஒரு வரியில நிக்குது, பிய்யாம என்ன செய்யும்?" என்றார். காட்டவும் செய்தார்: நாடாவின் முனை துணிக்குள் ஒரு விரற்கடை அளவுதான் போயிருந்தது. தையல் துளைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருந்ததால், துணி அந்தக் கோட்டிலேயே நேராகக் கிழிந்திருந்தது.

அவர் செய்த பழுதுபார்ப்பைக் கவனமாகப் பார்த்தேன். பழைய தையலை முழுவதும் பிரித்து எடுத்தார். லாரிப் படுதாவில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டுகளை மூலை வட்டமாக வெட்டினார். கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும் என்றார். ஒன்றைப் பைக்கு உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் வைத்து, நடுவில் நாடாவை நான்கு அங்குல நீளத்துக்கு இறக்கினார். குத்தூசியால், மெழுகிட்ட நைலான் நூலைக் கொண்டு, முதலில் ஒரு நீள்சதுரம் தைத்து, அதன் நான்கு மூலைகளையும் குறுக்கே பெருக்கல் குறியாக இணைத்தார். நூலின் முனைகளைத் தீக்குச்சியால் உருக்கி அமுக்கினார். வீட்டுக்கு வந்து அந்தத் துளைகளின் மேல் பசை பூசினோம். நீள்சதுரமும் பெருக்கல் குறியுமாகத் தைப்பதன் பயன், நாடா எந்தப் பக்கம் இழுபட்டாலும் பாரம் ஒரு வரியில் குவியாமல் பல வரிகளில் பரவுவதுதான். பிறகு அந்த நண்பர் மற்ற மூன்று வேர்களையும் பிய்வதற்கு முன்பே அவரிடம் கொடுத்து அவ்விதமே தைத்து வாங்கிக்கொண்டார்.

ஆகவே கடையில் பையைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இதைத்தான். மேல்நாடா முதுகுத் துணியில் இறங்கும் இடத்தில் உள்ளே தனித்துண்டு கொடுத்திருக்கிறார்களா என்று கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன். கீழ்நாடா பையின் மூலை மடிப்புக்குள் நேரடியாகப் போகிறதா, முக்கோணத் துண்டு ஒன்றின் வழியாகச் சேர்கிறதா என்று பார்ப்பேன். முக்கோணம் இருந்தால் இழுவை அகலப் பரவும். தடித்த துணியில் ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் இருந்தால் சரி. மிக நெருக்கமாகத் தைத்தது அழகாகத் தெரியும், ஆனால் துணியைப் பலவீனமாக்கும். நூல் பருத்தியாக இருந்தால் அந்தப் பையைத் திருப்பி வைத்துவிடுவேன், உப்பில் அது இற்றுப்போகும். கடைக்காரர் சம்மதித்தால் 25 கிலோ அரிசி மூட்டையை உள்ளே இறக்கி, ஒரே தோள்நாடாவைப் பிடித்துத் தூக்கி, வேர்ப்பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பேன். ஊசித்துளைகள் நீண்டு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பை ஒரு பருவத்துக்குமேல் தாங்காது. சம்மதிக்காத கடைகளும் உண்டு. அவற்றில் நான் வாங்குவதில்லை.

பையைப் படகில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒற்றைத் தோள்நாடாவைப் பிடித்து இழுப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். நடக்கும்போது வரும் பாரத்தைவிட அந்த ஒரு வெட்டிழுப்பில் வேருக்கு வரும் பாரம் பல மடங்கு அதிகம். அதனால் பையின் இரு பக்கங்களிலும் அடியிலும் தனித்தனிக் கைப்பிடிகள் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இல்லாத பையில் குஷன் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். கார், ஆட்டோ இருக்கைகளைத் தைக்கும் அந்தக் கடைகளில் தடித்த துணிக்கு ஏற்ற இயந்திரமும் நூலும் இருக்கின்றன. சாதாரணத் தையல் கடை இயந்திரத்தில் ஊசி முறியும்.

கனடாவில் உணவுக்கென்று நீல நிற பிளாஸ்டிக் டிரம்களைத் தோள்பட்டைச் சேணத்தில் மாட்டிச் சுமக்கிறார்கள். 30 லிட்டர், 60 லிட்டர் என்று இரண்டு அளவுகளே பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. கரடியிடமிருந்து முழுப் பாதுகாப்பு தராவிட்டாலும் அவை வாசனையை ஓரளவு அடக்கும், நீரில் மிதக்கும், கல்லில் விழுந்தாலும் உள்ளே ரொட்டி நொறுங்காது. எங்கள் கரையில் கரடி இல்லை. மீன் இறங்கும் துறைகளில் கூட்டமாகத் திரியும் நாய்கள் இருக்கின்றன. கருவாட்டு வாசனை பட்ட துணிப்பை இரவில் வெளியே இருந்தால் காலையில் முழுதாக இருக்காது. அதனால் உணவுக்கு மட்டும் 30 லிட்டர் டிரம் ஒன்றை நானும் பயன்படுத்துகிறேன். பழைய டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு ஆகாது. மூடியைப் பூட்டும் இரும்பு வளையம் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு கிரீஸ் தடவுவது அவசியம். வெயிலில் மூடிய டிரம் உள்ளே கொதிக்கும்; ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்தி வைத்தால் தக்காளியும் வெங்காயமும் தப்பிக்கும். டிரம்மின் வளைவு முதுகெலும்பில் நேரடியாக அழுத்துவதால், சேணத்தில் தடித்த முதுகுத் திண்டு இல்லாவிட்டால் நீண்ட தூரம் சுமக்க முடியாது.

இடுப்புப்பட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. உலர்ந்த தரையில் அது பெரிய உதவி. தோளில் படகும் இருக்கும்போது பையின் எடையை இடுப்பு ஏற்றுக்கொள்ளும். நீரிலும் சேற்றிலும் நடக்கும்போது இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தடுக்கி முகங்குப்புற விழுந்தால் காற்றடைந்த பை முதுகின் மேல் மிதந்து தலையை நீருக்குள் அமுக்கும். முழங்கால் ஆழமே உயிருக்குப் போதும். எங்கள் குழுவில் படகை விட்டு இறங்குமுன் ஒருவர் மற்றவரின் பக்கிளைப் பார்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. திருக்கை மணலில் படுத்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடப்பதும் அதே பாடத்தில் சேர்ந்தது. பழைய தலைப்பட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரு நன்மை உண்டு: தலையைப் பின்னால் சாய்த்தால் பொதி தானாக நழுவி விழும். தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமக்கும் நம் பெண்கள் கழுத்தை நேராக வைப்பதைப் போலவே, இதற்கும் கழுத்து நேராக இருக்க வேண்டும். பட்டை நெற்றிக்கு வந்துவிட்டால் கழுத்து வலிக்கும்.

படகில் எந்த இடத்தில் பையை வைப்பது என்பதற்கு மோர்ப்பண்ணையில் வத்தை என்னும் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னதைவிடத் தெளிவாக நான் எதையும் கேட்டதில்லை. "பாரத்தை அணியத்துல ஏத்தாதீங்க தம்பி, நடுவுல தாழ வைங்க. அணியம் தாழ்ந்துச்சுன்னா அலைக்குள்ள மூக்கை விடும்." அணியம் என்பது படகின் முன்பகுதி. திறந்த கனூவில் தட்டைப் பை நடுவில் படுத்துக்கொள்ளும். மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் பின்பள்ளத்தில் பையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கடல் கயாக்கின் சிறிய மூடிகளுக்குள் பெரிய பை நுழையாது. அத்தகைய படகு வைத்திருப்பவர்கள் 10, 15 லிட்டர் பைகளில் சாமானைப் பிரித்து உள்ளே வைத்துவிட்டு, கரைக்குச் சுமக்க மட்டும் மடித்து வைக்கக்கூடிய வெறும்பை ஒன்றைக் கொண்டுபோவது மேல். எந்தப் படகானாலும் பையைக் குட்டையான கயிற்றில் கட்டி வைக்க வேண்டும். காற்றில் படகு கவிழ்ந்தால் தளர்ந்த பை நாம் நீந்தும் வேகத்தைவிட விரைவாக விலகிப்போகும். நீண்ட கயிறோ காலில் சுற்றும்.

வாங்குவதைப் பற்றி யாரேனும் நேரடியாகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஏரி நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் கேன்வாஸையோ தடித்த நைலானையோ தாராளமாக வாங்கலாம். பெரிய அளவே நல்லது. எங்கள் வடகடல் ஓரத்தில் நடக்கிறவர்கள் 60 லிட்டர் பிவிசி பை ஒன்றும் 30 லிட்டர் டிரம் ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். ஜிப் உள்ள பையைத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பல் கொண்ட ஜிப்பும் மணல் புகுந்தால் சிக்கும். உலோக இழுப்பான் உப்பில் இறுகிவிடும். உலோக வளையங்கள் தேவைப்பட்டால் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். 304 வகை கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் விடும்.

பையோடு சேர்த்து ஒரு சிறு டப்பாவையும் எப்போதும் கொண்டுபோகிறேன். அதில் குத்தூசி, மெழுகிட்ட நைலான் நூல், உள்ளங்கை அளவில் படுதாத் துண்டுகள், பசைக்குழாய், ஒரு அங்குல அகல நாடா சில மீட்டர், தைக்காமலே நாடாவில் மாட்டக்கூடிய பிளவுப் பக்கிள் ஆகியவை இருக்கும். ஊசியும் நூலும் படுதாவும் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். பக்கிள் மட்டும் நாடாவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதால், பை வாங்கும் கடையிலேயே அதே அளவில் இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் மதுரைவரை போக வேண்டியிருக்கும்.